இரண்டு மணிக்கு அணைந்திருக்கும் கணினி

"சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, ஃபார்மட் அடிச்சுக் குடுத்துருங்க தம்பி" என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்படும் கணினிகளில் பலவற்றுக்கு ஃபார்மட் தேவைப்படுவதில்லை. அவற்றை மேசையில் வைத்து, கரண்டும் நெட்டும் கொடுத்து ஆன் செய்வேன். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு வேறு எதையும் தொடமாட்டேன். முதலில் பார்ப்பது டிஸ்க் என்ற பத்தியின் தலையில் நிற்கும் 100 சதவீதத்தை. அந்தத் தலைப்பைச் சொடுக்கினால் டிஸ்க்கை அதிகம் பிடித்து வைத்திருப்பவை வரிசையாக மேலே ஏறி வரும். பெயர்கள் எனக்கு மனப்பாடம்: 'விண்டோஸ் மாடியூல்ஸ் இன்ஸ்டாலர் வொர்க்கர்', 'ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்', 'சர்வீஸ் ஹோஸ்ட்: விண்டோஸ் அப்டேட்', 'மைக்ரோசாஃப்ட் காம்பாட்டிபிலிட்டி டெலிமெட்ரி'. இவற்றில் எதுவும் வைரஸ் இல்லை. எல்லாம் விண்டோஸோடு வந்தவை, தமக்கு இட்ட வேலையைச் செய்துகொண்டிருப்பவை. ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ அப்படியே விட்டால் அந்த 100 மெல்ல இறங்கி 40 ஆகும், 5 ஆகும், பிறகு பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே அடங்கும். அப்போது அதே கணினியில் டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்தால் உடனே திறக்கிறது.

அந்தக் கணினிக்குக் கோளாறு எதுவும் இருக்கவில்லை. பாக்கி வேலை சேர்ந்திருந்தது, முடிக்க அதற்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. பின்னணியில் ஓடும் அப்டேட்டை நிறுத்திக் காட்டுபவரைக் கெட்டிக்கார மெக்கானிக் என்று எங்கள் ஊரில் நினைக்கிறார்கள். அதற்கு உரிய நேரத்தைக் கண்டுபிடித்து ஒதுக்கித் தருவதுதான் இந்தத் தொழிலின் நுட்பம் என்பது என் உறுதியான எண்ணம்.

நேரம் ஏன் கிடைப்பதில்லை? 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது 'ஆட்டோமேட்டிக் மெயின்டெனன்ஸ்' என்ற ஏற்பாடு கூடவே வந்தது. அப்டேட், வைரஸ் சோதனை, டிஸ்க்கை ஒழுங்குபடுத்துவது போன்ற பின்னணி வேலைகளை ஆள் இல்லாத நேரத்தில் சேர்த்து முடித்துவிட வேண்டும் என்பது திட்டம். நாமாக மாற்றாதவரை அதற்குக் குறித்திருக்கும் நேரம் அதிகாலை 2 மணி. அதை அமைத்தவர்கள், இரவிலும் பிளக்கைப் பிடுங்காமல் மேசைமேல் இருக்கும் ஒரு கணினியை மனத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் சிவகாசியில் அப்படி ஒரு கணினியை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பட்டாசுக் கடையின் பில்லிங் மேசையாக இருந்தாலும் அச்சகத்தின் டிசைன் அறையாக இருந்தாலும் வேலை முடிந்ததும் ஷட்டவுன், பிறகு யூபிஎஸ், பிறகு சுவர் சுவிட்ச். அண்ணாச்சி கடையைச் சாத்தும்போது மெயினையே இறக்கிவிட்டுப் போவார். மின்னல் பயம், கரண்ட் பில், தீ பற்றிய எச்சரிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. அதை மாற்றச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

ஆனால் 2 மணி வேலை ரத்தாகிவிடுவதில்லை, மறுநாள் காலைக்குக் காத்திருக்கிறது. புது அப்டேட் இருக்கிறதா என்று தேடுவதும் ஏறக்குறைய 22 மணி நேரத்துக்கு ஒரு முறை என்ற கணக்கில் ஓடுகிறது. இன்று காலை 9.40-க்குத் தேடியிருந்தால் அடுத்த முறை நாளை காலை 7.40. அப்போது கணினி அணைந்திருக்கும். ஆகவே 9.30-க்கு ஆன் செய்தவுடன் அந்தத் தேடல் தொடங்கும். முந்திய இரவின் பராமரிப்பும் கொஞ்ச நேரம் மவுஸ் அசையாமல் இருந்தால் போதும், எழுந்துவிடும். வாடிக்கையாளர் வந்து நிற்கும் நேரத்தில் கடையைக் கூட்டிப் பெருக்குவது போன்ற நிலை இது. பெருக்குவதில் தவறில்லை, வேளைதான் தவறு.

ஹார்ட் டிஸ்க் உள்ள கணினிகளில்தான் இந்த அவதி முழு உருவம் எடுக்கும். பழைய மடிக்கணினிகளில் இருக்கும் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுவது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகிறது. வேண்டிய இடம் ஹெட்டுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி. ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னொரு 10, 12 மில்லி விநாடி. கூட்டிப் பார்த்தால், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை விநாடிக்கு அறுபது சொச்சம் முறைதான் எட்ட முடியும். மாதாந்திர அப்டேட் செய்வது முழுக்க இந்தச் சிதறல் வேலையை. வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டருக்குள் ஒவ்வொரு பாகத்தின் பழைய பதிப்பையும் எடுத்து, இறக்கிய வித்தியாசத்தை அதில் சேர்த்து, புதுப் பதிப்பை உருவாக்கிச் சரிபார்க்கிறது. கோப்புகள் ஆயிரக்கணக்கில். எழுதுகிற கோப்பையெல்லாம் விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபென்டர் பின்னாலேயே வந்து சோதிக்கிறது. இந்த நேரத்தில் நாம் குரோமைத் திறந்தால் மூன்று தரப்பும் ஒரே ஹெட்டுக்காகக் காத்து நிற்கின்றன. எஸ்எஸ்டியில் நகர வேண்டிய ஹெட்டே கிடையாது. அதனால் அதே வேலை பயனர் அறியாமலேயே முடிந்துபோகிறது. கணினி எவ்வளவு பழையதானாலும் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் பற்றிப் பிறகு பேசலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்டேட்டே நோயாக இருந்த காலமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் எக்ஸ்பி கணினிகளில் எஸ்விசிஹோஸ்ட் என்ற நிரல் பிராசசர் முழுவதையும் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் விடாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வந்த ஒவ்வொரு அப்டேட்டும் தனக்கு முந்தியதன் இடத்துக்கு வந்தது, அந்த முந்தியது அதற்கும் முந்தியதன் இடத்துக்கு வந்திருந்தது. இந்தச் சங்கிலியைச் சரிபார்த்த முறையில், ஒரு கண்ணி கூடும்போதெல்லாம் வேலை மடங்கு மடங்காகப் பெருகியது. பல ஆண்டுச் சங்கிலி சேர்ந்ததும் கணக்கு முடியாமல் ஓடியது. 2014 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் பழைய கண்ணிகளைக் கழித்த பிறகே அது அடங்கியது. அடுத்து 2015, 2016-இல் விண்டோஸ் 7-இலும் தேடல் மணிக்கணக்கில் இழுத்தது. 2016 அக்டோபர் முதல் விண்டோஸ் 7-க்கும் மாதம் ஒரே தொகுப்பு என்ற முறை வந்தது. அந்த ஆண்டுகளில் பல மெக்கானிக்குகளின் கையில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கணினி மெதுவானால் சர்வீசஸ் பட்டியலைத் திறந்து விண்டோஸ் அப்டேட்டை 'டிசேபிள்டு' ஆக்கிவிட வேண்டும் என்ற பழக்கம். காரணம் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் கை இன்னும் அங்கேயே போகிறது.

இன்றைய விண்டோஸில் அது நிலைக்கவும் செய்யாது. 'விண்டோஸ் அப்டேட் மெடிக் சர்வீஸ்' என்று ஒன்று உள்ளேயே இருந்துகொண்டு, நிறுத்திவைத்த அப்டேட்டைத் திரும்ப எழுப்பிவிடும். அதையும் முடக்க ரெஜிஸ்ட்ரியில் கைவைப்பார்கள், எங்கிருந்தோ கிடைத்த 'அப்டேட் பிளாக்கர்' நிரலை அட்மின் உரிமையோடு ஓட்டுவார்கள். அப்படி வந்து சேரும் கணினிகள் சிலவற்றில் டிஃபென்டரின் வைரஸ் பட்டியலும் மாதக்கணக்கில் பழசாகி நிற்கிறது. அதே கணினியில்தான் அந்தக் குடும்பத்தின் நெட் பேங்கிங் நடக்கிறது. அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பதைக்கும்.

2003 ஜூலை 16-இல் மைக்ரோசாஃப்ட் ஓர் ஓட்டையை அடைத்து அப்டேட் வெளியிட்டது. அதைப் போடாத கணினிகளை ஆகஸ்ட் 11-இல் பிளாஸ்டர் புழு பிடித்தது. எக்ஸ்பி திரையில் 60 விநாடி எண்ணிக்கை இறங்கி, கணினி தானாக அணைந்து எழும். அந்தத் திரையைப் பார்த்தவர்கள் என் தலைமுறையில் நிறையப் பேர். 2017-இல் அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. மார்ச் 14-இல் அப்டேட் வந்தது. மே 12-இல் வானாகிரை கிளம்பியது. நடுவில் ஏறக்குறைய இரண்டு மாதம். ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. பாதிக்கப்பட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள், அதாவது அப்டேட் கையருகே இருந்தும் போடப்படாதவை. டிசேபிள் செய்யச் சொல்லும் வாடிக்கையாளரிடம் நான் இந்த இரண்டு தேதிகளைத்தான் சொல்கிறேன். வேறு வாதம் தேவைப்படுவதில்லை.

சரி, நேரத்தை எப்படி ஒதுக்குவது? மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட் 2003 அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது. அமெரிக்க மேற்குக் கரையில் அப்போது காலை 10 மணி. நமக்கு அன்றிரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. நம் ஊர்க் கணினிகள் அதை முதன்முதலில் சந்திப்பது புதன்கிழமை காலை ஆன் செய்யும்போது. ஆகவே நான் பார்த்துக்கொள்ளும் அலுவலகங்களில் புதன்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தை இதற்கென்று எழுதி வைத்திருக்கிறேன். காலையில் தானாக இறங்கிக்கொள்ளட்டும். ஒன்றரை மணிக்கு எழும்போது கோப்புகளைச் சேமித்து, டேலியை மூடி, விண்டோஸ் விசையும் எல்லும் அழுத்தித் திரையைப் பூட்டிவிட்டுப் போனால் போதும், அணைக்கக் கூடாது. ரீஸ்டார்ட்டுக்கு நேரம் குறிக்கும் வசதி அப்டேட் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் 2 மணி என்று குறித்தால், திரும்பி வரும்போது எஸ்எஸ்டி உள்ள கணினி தயாராக நிற்கும்.

ஆக்டிவ் அவர்ஸ் என்ற வசதியைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த நேரத்துக்குள் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். கணினி ஆன் ஆகியிருக்கும் நேரம் முழுவதையும் அதற்குள் அடைத்துவிட்டால் ரீஸ்டார்ட்டுக்கு வேளையே மிஞ்சாது. வெளியே இருக்கும் மணிநேரங்களில்தான் சுவர் சுவிட்சே அணைந்திருக்கிறதே. பாதி போட்ட அப்டேட்டைச் சுமந்துகொண்டு கணினி வாரக்கணக்கில் திணறுவது இப்படித்தான்.

ஆடிட்டர் அலுவலகங்களுக்கு இந்தப் புதன்கிழமைக் கணக்கில் ஒரு திருத்தம் உண்டு. இரண்டாவது செவ்வாய் 8-ஆம் தேதிக்கு முன்னும் வராது, 14-க்குப் பின்னும் வராது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும் மாதங்கள் இருக்கின்றன. 2025 ஜூனில் இரண்டாவது செவ்வாய் 10-ஆம் தேதி, அப்டேட் வந்து சேர்ந்த புதன் கெடு நாளேதான். அந்த மாதிரி மாதங்களில் 8-ஆம் தேதியே 'பாஸ்' அழுத்தி ஒரு வாரம் நிறுத்திவைப்பேன், 12 அல்லது 13-ஆம் தேதி மதியம் நானே எழுப்பிவிடுவேன். 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கெடு வருவதற்குள் எல்லாம் முடிந்து ஓய்ந்திருக்கும். 'பாஸ்' ஐந்து வாரம் வரை நீளும் என்பதற்காக அதை ஐந்து வாரமும் இழுப்பது டிசேபிள் செய்வதற்குத் தம்பி. அச்சகங்களுக்கு வேறு காலண்டர். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளியாகி ஆர்டர் பிடிக்கத் தொடங்கிவிட்டால் மார்கழி வரை டிசைன் கணினிகளுக்கு மதியச் சாப்பாடே கிடையாது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே போய் உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்னொரு தேதியும் பார்க்க வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு நாளிதழில் வரும். நம் பகுதிக்கு அது புதன்கிழமை என்றால் அப்டேட் வியாழனுக்குப் போகும். சின்ன யூபிஎஸ் பேட்டரியை நம்பி ஹார்ட் டிஸ்க் கணினியில் அப்டேட் தொடங்கக் கூடாது. இன்ஸ்டால் ஆகும்போது 30 சதவீதத்தில் நின்றுவிட்டது போலத் தெரிந்தால் கேபினட்டின் முன்பக்கத்தில் இருக்கும் டிஸ்க் விளக்கைப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் சிமிட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்கிறது. விளக்கு இல்லாத மடிக்கணினி என்றால் டிஸ்க் இருக்கும் மூலையில் காதை வைத்துக் கேட்பேன். மெலிதாக ஒரு சுரண்டல் சத்தம் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் இருக்கும்வரை பவர் பட்டன்மேல் விரல் போகக் கூடாது. நடுவில் அணைந்தால் விண்டோஸ் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிக்கொள்ளும். ஆனால் செய்த வேலையெல்லாம் வீணாகி, மறுநாள் முதலிலிருந்து தொடங்கும்.

ஷட்டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒன்று என்று நினைப்பது அடுத்த சிக்கல். விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இயல்பாகவே ஆன் ஆகியிருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸின் மையப் பகுதி டிஸ்க்கில் உறையவைக்கப்படுகிறது, மறுநாள் அதே நிலையில் எழுகிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு பக்கத்தில் 'அப் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள். தினமும் அணைக்கப்படும் கணினி அங்கே பல நாட்களாக ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் அது பூஜ்யமாகும், முடியாமல் தொங்கும் பல வேலைகளும் அப்போதுதான் முடியும். வாரம் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

நெட் விஷயத்தில் சொல்ல அதிகமில்லை. ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும் கணினியாக இருந்தால் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள், பெரிய அப்டேட்டுகள் காத்திருக்கும். ஆறு கணினி உள்ள அலுவலகத்தில் 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' பக்கத்தில் உள்ளூர் நெட்வொர்க்கில் மட்டும் பகிர்வதைத் தேர்ந்தெடுத்தால், ஒன்று இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும்.

விண்டோஸ் ஒன்றுதான் என்றால் இவ்வளவு நெரிசல் இருக்காது. பிரவுசர், பிடிஎஃப் ரீடர், ஜாவா, பிரின்டர் மென்பொருள் என ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அப்டேட்டரைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. சில சர்வீஸாக, சில டாஸ்க் ஷெட்யூலரில், சில ஸ்டார்ட்அப்பில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்ட மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய ஆட்டோரன்ஸைப் போல இன்னொரு கருவி எனக்குத் தெரிந்து இல்லை. அவர்களுடைய சிஸ்இன்டர்னல்ஸை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, கருவிகள் இன்றும் இலவசம். அதைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்து, இது யார், இது நின்றால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டு முடிவெடுப்பதில் எனக்குத் தனி நிறைவு உண்டு. குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ் அப்டேட்டர்களைத் தொடவே மாட்டேன். வெளி உலகோடு நாள் முழுதும் பேசும் நிரல் பழசாக இருக்கக் கூடாது. அதிலும் ஃபயர்பாக்ஸின் மெயின்டெனன்ஸ் சர்வீஸ் வேலை வந்தால் மட்டும் எழுந்து, முடிந்ததும் நின்றுவிடும். எல்லோரும் அப்படி எழுதியிருக்கலாம். ஜாவா எதற்கும் தேவைப்படாத கணினியில் ஜாவாவையே எடுத்துவிடுவேன், அதன் ஷெட்யூலரும் கூடவே போய்விடும். இங்க் வாங்கச் சொல்லும் பிரின்டர் உதவியாளருக்கு ஸ்டார்ட்அப்பில் இடமில்லை, டிரைவர் மட்டும் போதும்.

புது அப்டேட்டை நம்பலாமா என்று கேட்பவர்களின் பயம் நியாயமானது. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் பெரிய பதிப்பு சிலருடைய சொந்தக் கோப்புகளையே அழித்தது. சில நாட்களில் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13-இல்தான் திரும்ப வந்தது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்குத் தானாக வந்த ஒரு கோப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களிலும் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அது நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருள் என்பதால் வீட்டுக் கணினிகள் தப்பின. நான் விண்டோஸ் அப்டேட்டுகளை இரண்டு வகையாகப் பிரித்தே வைக்கிறேன். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டை நாள் கணக்கில் மட்டும் தள்ளுவேன். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய பதிப்பை மாதக் கணக்கில் தள்ளுவேன். எது வந்தாலும் அதற்கு முன் ஒரு வெளி டிஸ்க்கில் பேக்கப்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புக்குப் பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் வரும் என்று அறிவித்தார்கள். பதிவு செய்யாதவர்கள் "இப்ப சிஸ்டம் நல்லா ஓடுதுண்ணே, தொந்தரவே இல்ல" என்கிறார்கள். தொந்தரவு இல்லாததற்குக் காரணம் அப்டேட் வருவது நின்றதுதான் என்று உட்காரவைத்து விளக்கி, அங்கேயே பதிவு செய்து கொடுக்கிறேன். விண்டோஸ் 11 ஏறாத பழைய பிராசசர்கள் என்றால், டேலி தேவைப்படாத வீடுகளில் உபுண்டு போட்டுத் தருகிறேன்.

அங்கும் இதே வேலைதான் காத்திருக்கிறது. உபுண்டுவில் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாகப் போடும் டைமர் காலை 6 மணியை ஒட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். அப்போது கணினி அணைந்திருந்தால் அடுத்து ஆன் செய்தவுடன் எழும். அந்த வீட்டுப் பையன் எதையாவது இன்ஸ்டால் செய்யப் போனால் 'லாக் கிடைக்கவில்லை' என்ற செய்தி வரும். அந்த லாக் ஃபைலை அழித்துவிடச் சொல்லும் யோசனைகளைக் கேட்க வேண்டாம் என்று போகும்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் ஓடுவது முடிந்ததும் அது தானாக விடும். டைமரைத் திருத்தி, அந்த வீட்டில் கணினியை வழக்கமாக ஆன் செய்து வைத்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு எழும் 8.30 மணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் அந்தச் செய்தி வருவதும் குறைந்துவிடும்.